விலைக்கிரயம்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாங்கள் நாலு பேர் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் காணிக்கை எண்ண உட்காருவோம். மேசையில் பைகளைக் கவிழ்ப்போம். மூன்று வருடமாக எனக்கு இந்தப் பொறுப்பு. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ண நேரமே ஆகாது. பர்சிலிருந்து நேராக வந்தவை, ஒரே மடிப்பு, தட்டினால் நிமிர்ந்துவிடும். நேரம் பிடிப்பவை பத்தும் இருபதும்தான். நாலாக மடித்து, அதை இன்னும் நாலாக மடித்து, கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருங்கிப்போய்க் கிடக்கும். சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்து வந்த நோட்டுகள். சிலதில் வெற்றிலை வாசம், சிலதில் வியர்வை ஈரம். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து மேசை விளிம்பில் வைத்துத் தேய்த்தால்தான் கட்டாக அடுக்க முடியும்.

இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்ட விதவையை அவர் கண்டது அங்கேதான். அந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குச் சற்று முன்னால் வருகிற வசனத்தைச் சேர்த்து வாசித்துக் கேட்டது குறைவு. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களை, பற்றிய எச்சரிக்கை அது. முதலில் விதவையின் வீட்டைத் தின்கிறவர்கள், அடுத்து தன் ஜீவனத்தையெல்லாம் போட்டுவிட்ட விதவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் காரணம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். காணிக்கை எண்ணும் மேசையில் உட்கார்ந்த பிறகு இரண்டையும் பிரித்து வாசிக்க என்னால் முடியவில்லை.

எனக்குக் கொடுத்தல் என்றால் என்னவென்று காட்டியது ஆச்சி. அப்பாவின் அம்மா. கன்னியாகுமரி மாவட்டத்தில் மயிலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் ஆறு பேர், பெரும்பாலும் ரேஷன் அரிசி. ஆச்சி உழக்கால் அளந்து முறத்தில் கொட்டி, புடைத்து, கல் பொறுக்குவாள். பொறுக்கி முடித்ததும், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், வலது கையை அரிசிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளுவாள். விரல் இடுக்கில் நாலு மணி சிந்தினால் அதையும் பொறுக்கிச் சேர்ப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. அடுப்புத் திண்டின் மூலையில் இருந்த சின்ன மண்கலயத்தில் அதைப் போட்டு, மேலே சிரட்டையைக் கவிழ்ப்பாள். அதுதான் பிடியரிசி.

நான் போடுகிறேன் என்று ஒரு நாள் கையை நீட்டினேன். "உன் கை சின்னக் கைலே. கர்த்தருக்கு அளவு குறைஞ்சு போவும்" என்றாள். பொங்கின பிறகு மிச்சம் வந்தால் கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "மிச்சம் வந்தா நாய்க்குந்தான் வைக்கோம். அவருக்கு முதல்ல எடுக்கணும் மக்கா" என்றாள்.

அரிசி இல்லாத நாட்களும் உண்டு. அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் உடைத்து வைத்துத் தின்போம். அந்த நாட்களில் ஆச்சி கலயத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வைப்பாள். இரண்டு நாள் அரிசி இல்லையென்றால் இரண்டு கொட்டை. அரிசி வந்த அன்றைக்கு, கொட்டைக்கு ஒரு பிடியாகக் கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டுக் கொட்டைகளை முற்றத்தில் வீசுவாள். அதைப் பார்க்க யாருமில்லை, கேட்கவும் யாருமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஓலைப்பெட்டியோடு வருகிற பெண்கள் சங்கத்தாருக்குக்கூட அந்தக் கணக்கு தெரியாது. அவர்கள் கலயத்தைக் கவிழ்த்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது சபையைக் கவனிக்கிற உபதேசியார் வீட்டுக்கும், ஊரில் அடுப்பு எரியாத வீடுகளுக்கும் போகும்.

ஆறு பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்தால், யாரோ ஒருவர் தட்டில் ஒரு பிடி குறைய வேண்டும். அது யார் தட்டு என்று நான் முப்பது வயது வரைக்கும் யோசித்ததில்லை. ஆச்சி எப்போதும் கடைசியில்தான் உட்காருவாள். பல ராத்திரி சோறு தின்னமாட்டாள். கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, "எனக்கு வயிறு மந்தமா கெடக்கு" என்பாள். எங்கள் தட்டுகளில் ஒருநாளும் குறைந்ததில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இது ஒன்றுதான்: ஆச்சி கொடுத்த அரிசிக்கு விலை கொடுத்தது ஆச்சி. வேறு யாருமில்லை.

பிடியரிசி எங்கள் சபைக்கு மட்டும் சொந்தமான வழக்கமில்லை. கேரளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு சாவறா அச்சன், பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்காக வீடு வீடாகப் பிடியரி சேர்க்க வைத்தார். மிசோரமில் 1910 முதல் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, அதை விற்ற பணத்தில் மிஷனரி ஊழியர்களை அனுப்பிவருகிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் பிடியரிசியின் இடத்தில் மீன். மீன்பாடு கிடைத்த நாளில் கோயிலுக்கு ஒரு பங்கு என்று கொடுத்துக் கொடுத்துக் கட்டின கோயில்கள்தான் முட்டத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையில் நிற்கிறவை. பாதிப் பேர் ஓட்டு வீட்டிலும் ஓலை வீட்டிலும் இருந்த காலத்திலேயே அவற்றைக் கட்டினார்கள். அந்த உயரத்தைப் பார்த்து, இவ்வளவு பணம் எதற்குக் கோயிலில் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் கேட்கிறவர்கள் அந்தப் பங்கைக் கொடுத்தவனிடமும் ஒருதடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் என்னைக் கூச வைக்கிற இடம் ஒன்று உண்டு. கண் ஊனமானதையும் கால் ஊனமானதையும் பலிக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்துக் கர்த்தர் சொல்கிறார்: "அதை நீ உன் அதிபதிக்குச் செலுத்து." தாசில்தார் வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிற ஒன்றை என்னிடம் எப்படிக் கொண்டுவருகிறாய் என்கிறார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி அலை வந்தபோது நான் மஸ்கட்டில் வேலையில் இருந்தேன். கொளச்சலிலும் மணக்குடியிலும் செத்தவர்களை டிவியில் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தேன். அந்த நாட்களில் தமிழ்நாட்டுக் கரையோரத்துக்கு லாரி லாரியாகத் துணி வந்தது. பெரும்பாலும் பழைய துணி. கிழிந்ததும் பட்டன் போனதும் சாயம் இறங்கினதுமாக. வாங்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற பெண் அதைத் தொட மறுத்தாள் என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் ஊரிலிருந்து சாக்கில் அரிசி போயிற்று. அந்த வாரத்துப் பிடியரிசி முழுவதும் முகாமில் கஞ்சியாகிவிட்டது என்று என் அக்கா போனில் சொன்னாள். அவள் வேறொன்று கொடுத்ததை அவள் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய சேலையை ஒரே ஒரு நாள் உடுத்திவிட்டு, மறுநாளே மடித்துக் கொடுத்துவிட்டாளாம். அம்மா சத்தம் போட்டிருக்கிறாள்: "பழசு நாலு கெடக்கே பிள்ளே, அதைக் குடுத்தா ஆவாதா?" அக்கா சொன்ன பதில்: "புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கவளுக்கு என் பழைய சேலையா அம்மா?"

அக்கா அப்படி. நான் அப்படி இல்லை. இனி எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

2006-இல் எங்கள் ஊர்க் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். வளைகுடாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்தது. முன்வாசல் கதவுக்கு ஒரு லட்சம் தருகிறேன் என்று நான் வாக்குச் சொன்னேன். அன்றைய என் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஓவர்டைம் பார்த்தேன், சிகரெட்டை விட்டேன், சீட்டுப் போட்டேன். இது வலிக்கிற காணிக்கை, அதனால் உண்மையான காணிக்கை என்று மனதார நம்பினேன். ஜெபத்தில் அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

2007 ஜூலையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அக்கா போன் பண்ணினாள். "தம்பி, ஆபரேஷனுக்கு நாப்பதாயிரம் ஆவும்ங்காவ. என் கையில முப்பது தேறும். பத்து அனுப்ப முடியுமாலே?" சீட்டுப் பணம் அந்த வாரம்தான் கைக்கு வந்திருந்தது. "கோயிலுக்குச் சொல்லியாச்சு அக்கா, வாக்கு மாற முடியாது. அடுத்த மாசம் கண்டிப்பா அனுப்புகேன்" என்றேன். சரி தம்பி என்று வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அடுத்த மாதம் சொன்னபடியே அனுப்பினேன். மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் ஆயிற்று என்றாள். அதோடு அதை மறந்துவிட்டேன்.

டிசம்பரில் பிரதிஷ்டை. பதினைந்து நாள் லீவில் வந்தேன். மயிலாடிக் கல்வேலைக்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடவுள் சிலை முதல் கல்லறைக் கல் வரைக்கும் அங்கே கொத்தாதது இல்லை. கொடை கொடுத்தவர்களின் கல்வெட்டும் அங்கேதான் தயாராயிற்று. நானே பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் சுண்ணாம்புக்கட்டியால் எழுத்து வரைந்து, உளியை ஒரு விரல் அளவுக்கு நகர்த்தி நகர்த்தித் தட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் வெள்ளைத் தூள் எழும்பும், அவர் வாயால் ஊதுவார். என் பெயரின் கடைசி எழுத்தில் புள்ளி வைக்கும்வரை நின்று பார்த்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது.

அதே மயிலாடிக்குத்தான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்து சேர்ந்தார். தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் அவரும் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கமும்தான். 1809-இல் முதல் ஆலயம் எழும்பியது. தன் சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் சபைக்கும் செலவழித்துவிட்டு, உடுத்திக்கொள்ள நல்ல உடுப்புகூட இல்லாமல் வாழ்ந்த மனுஷன் அவர். 1816-இல் உடம்பு முடியாமல், பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்குக் கல்லறை கிடையாது. என் பெயர் கொத்தப்பட்ட பட்டறையில் அன்றைக்கு அவருடைய ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

பிரதிஷ்டை நாளில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெயரையும் தொகையையும் வாசித்தார்கள். கைதட்டினார்கள். அக்கா வரவில்லை. நடக்க முடியாத அம்மாவை விட்டுவிட்டு வர முடியாதென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அம்மா 2008-இல் இறந்தாள். 2009-இல் நான் மஸ்கட்டை விட்டு மொத்தமாக ஊருக்கு வந்தேன். வீட்டை வெள்ளையடிக்க ஒதுக்கினபோது அம்மாவின் வேதப்புத்தகம் கையில் அகப்பட்டது. மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய பஞ்சாங்கத் தாள், ஞாயிறு பள்ளிப் பரிசுச் சீட்டு என்று நிறைய வைத்திருந்தாள். சங்கீதத்துக்குள் ஒரு ரோஸ் நிறச் சீட்டு மடித்திருந்தது. அடகுச் சீட்டு. அக்கா பெயர். வளையல் இரண்டு, 16 கிராம், ரூபாய் 10,000. தேதி, அக்கா எனக்குப் போன் பண்ணியதற்கு மறுநாள். வட்டி கட்டிய குறிப்பு இரண்டு மாதத்துக்கு இருந்தது. அதற்கு மேல் இல்லை. வளையல் ஏலத்தில் போய்விட்டது.

அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா போட்ட வளையல்கள் அவை. இரண்டு வருடமாக அவள் கண்ணாடி வளையல் போட்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை.

கொர்பான் என்ற வார்த்தையை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கலாம். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை, அது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு கடிந்துகொள்கிற இடம். வேறு யாருக்கோ சொன்னதாகத்தான் அதுவரை வாசித்திருந்தேன். ஒரு லட்சம் கொடுத்தது நான். அதற்கு விலை கொடுத்ததில் அக்காவின் இரண்டு வளையலும் சேர்ந்திருக்கிறது. கல்லில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

தாவீது ராஜாவின் கதை உங்களுக்குத் தெரியும். பலிபீடம் கட்ட இடம் தேடிப் போகிறான். களத்துக்குச் சொந்தக்காரனான அர்வனா, களத்தையும் மாடுகளையும் விறகையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. இலவசமாய் வாங்கிக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன், விலைக்கிரயமாய்த்தான் வாங்குவேன் என்று சொல்லி ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுக்கிறான். காணிக்கை வலிக்க வேண்டும் என்பதற்கு இதைப் பிரசங்கிப்பார்கள். சரிதான். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது. தன் பலியின் விலையை அர்வனாவின் தலையில் தாவீது வைக்கவில்லை. அடுத்தவன் நஷ்டத்தில் நான் பக்திமான் ஆக மாட்டேன் என்கிறான். வேலைக்காரன் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுக்கிற காணிக்கை, வீட்டுக்காரி மருந்து வாங்காமல் கிடக்கும்போது கொடுக்கிற காணிக்கை எல்லாம் அர்வனாவின் மாட்டை ஓட்டிவந்து வெட்டுவதுதான்.

கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வரும், விதைத்துப் பார் என்று மேடையில் கூப்பிடுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துப் போடுவதற்குச் சீட்டுக்கம்பெனி இருக்கிறது. மடித்துச் சுருட்டின இருபது ரூபாய்க்காரியிடம் அப்படிப் பேசுகிறவன் கர்த்தருக்குப் பயப்படாதவன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. தாவீதுக்காக மூன்று பராக்கிரமசாலிகள் எதிரிகளான பெலிஸ்தர் பாளயத்துக்குள் புகுந்து பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரை மொண்டுவந்தார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை. தங்கள் பிராணனை எண்ணாமல் போய்வந்தவர்களின் இரத்தம் இது என்று சொல்லிக் கர்த்தருக்கென்று ஊற்றிப்போட்டான். சபைக் கமிட்டியில் பட்ஜெட் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர் ஞாபகம் வரும். ஒலிபெருக்கி மாற்றலாமா, ஏசி போடலாமா என்று பேச்சு வரும்போது, அந்த நகம் அளவு நோட்டுகளை நாங்கள் குடிக்கப் போகிறோமா, ஊற்றப் போகிறோமா என்று கேட்டிருக்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. பெயரும் தொகையும் வாசிக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக எங்கள் சபையில் தொகை வாசிப்பதில்லை. பெயர் இன்னும் வாசிக்கிறார்கள்.

அடகுச் சீட்டைக் கண்ட அடுத்த மாதம் நாகர்கோவில் போய், அதே 16 கிராமில் இரண்டு வளையல் வாங்கினேன். விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன். சீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு வளையலை எடுத்து வெயிலில் திருப்பினாள். அழகாயிருக்கு என்றாள். திரும்ப வைத்து மூடி, என் பக்கம் தள்ளினாள்.

"மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"அதை எப்பவோ மன்னிச்சாச்சுலே. சாப்பிட்டியா?"

"பின்னே இதை வாங்கிக்க."

கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அது நான் அம்மாவுக்குக் குடுத்தது தம்பி. என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான், குடுத்தேன். நீ இப்ப இதைத் தந்தா, நான் ஒண்ணும் குடுக்காத மாதிரி ஆயிரும்லா? அதை என்கிட்ட இருந்து வாங்காதே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கீரையோடு சோறு தின்றுவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வளையல்கள் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்துவிடலாமே என்று மனைவி ஒருதடவை கேட்டாள். முடியாது என்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் திறந்து பார்க்கிறாள், பஞ்சு கறுத்துப்போனால் மாற்றி வைக்கிறாள், முறுக்கும் முந்திரிக்கொத்தும் கட்டி அதோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுகிறாள்.